தாள் போடாத கதவு

நான் ஒரு பாட்டைத் திருடினேன். யாரோ ஒருத்தியிடமிருந்து அல்ல. என் உயிர்த்தோழி ஜெயாவிடமிருந்து.

நீங்கள் சிரிக்கலாம். ஒரு பாட்டுதானே என்று நானும் எனக்குள் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டேன்...

தென்காசியில் ஒன்றாகப் படித்த நாங்கள் மூன்று பேர், வருஷா வருஷம் சாரல் சீசனுக்குக் குற்றாலத்தில் கூடுவோம். அருவிக் குளியல் முடிந்ததும் வாடகை அறையில் பரோட்டாவும் கோழிச் சால்னாவும். சாப்பாட்டுக்கு நடுவே ஆளுக்கொரு வித்தை காட்ட வேண்டும். சாந்தி விசிலடிப்பாள். நான் எங்கள் பழைய டீச்சர் மாதிரி பேசிக் காட்டுவேன். ஜெயா சிரிப்பதோடு சரி.

அந்த வருஷம் போகும் வழியில் வேனுக்குள்ளேயே சாந்தி சீண்டினாள், இன்னும் எத்தனை நாளைக்கு அதே டீச்சர் என்று. எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நானே கட்டிய பாட்டு பாடுகிறேன் பார் என்று சவால் விட்டேன். என்னிடம் ஏது பாட்டு!

பெண்கள் குளிக்கும் பக்கம் எல்லாரும் வாய்விட்டுப் பாடுவார்கள். தண்ணீர் இரைச்சலில் யாருக்கும் கேட்காது என்ற தைரியம்தான். அன்று ஜெயாவும் பாடினாள். தோளோடு தோள் ஒட்டி நின்ற எனக்கு மட்டும் கேட்டது.

“தாள் போடல கண்ணு நான்... தாள் போடல, நீ வருவேன்னு.”

மொத்தம் நாலே வரி. தன் இஷ்டப்படி கல்யாணம் செய்துகொண்டு போன மகள் அனுவுக்காக அவளே கட்டியது. இரண்டு வருஷமாக அனு அம்மாவின் போனை எடுப்பதில்லை.

தலை துவட்டும்போது ஜெயா சாந்தியிடம் கேட்டாள்: “இன்னைக்கு நான் பாடுனா உன் ஸ்டேட்டஸ்ல போடுதியாட்டி? அனு அதப் பாப்பால்லா.”

அது என் காதில் விழுந்தது. தெரிந்துதான் செய்தேன்! இவளாவது, பாடுவதாவது... கடைசியில் பின்வாங்கிவிடுவாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

முதல் முறை என்னுடையது. பாடினேன். பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டிருந்த ஜெயாவின் கை நின்றது. என்னை ஏறிட்டுப் பார்த்தாள். பாட்டில் உருகுகிறவள்போல நான் கண்ணை மூடிக்கொண்டேன். சாந்தி அதை வீடியோ எடுத்தாள்.

அடுத்தது ஜெயா. “எனக்குத் தொண்ட கட்டிட்டு,” என்றாள். பிறகு சால்னாவை எடுத்து எனக்குத்தான் முதலில் ஊற்றினாள்.

மறுநாள் காலையில் அனுவிடமிருந்து எனக்கு ஒரு செய்தி.

“சித்தி, ஸ்டேட்டஸ்ல உங்க பாட்டக் கேட்டு அழுதுட்டேன். உங்க பொண்ணு குடுத்து வச்சவ. எங்கம்மா இப்படி ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னைக்கே வந்திருப்பேன்.”

நான் என்ன பதில் அனுப்பினேன் தெரியுமா? கைகூப்பும் படம் ஒன்று!

அதற்குப் பிறகு மூன்று சாரல் போய்விட்டது. இப்போதாவது அனுவுக்கு உண்மையை எழுதக் கூடாதா என்பீர்கள். எழுதுகிறேன்... அழிக்கிறேன். அனு வந்துவிட்டால், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று ஜெயா கேட்பாளே! அந்தக் கேள்விக்குப் பயந்துதான் ஒரு தாயையும் மகளையும் பிரித்து வைத்திருக்கிறேனா நான்?

போன வாரம் சுரண்டையில் ஜெயா வீட்டுக்குப் போனேன். கதவு சாத்தியிருந்தது. லேசாகத் தள்ளினேன், திறந்துகொண்டது.

சத்தம் கேட்டு அடுக்களையிலிருந்து ஓடி வந்தாள் ஜெயா. என்னைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள்.

“நீதானாட்டி...” என்றாள்.