தொட்டிலக்காவின் மிதி

கார்ச் சக்கரத்து நட்டில் தொட்டிலக்கா ஸ்பேனரை மாட்டுவாள். ஸ்பேனரின் வாலில் ஒரு கை நீள இரும்புக் குழாயைச் செருகுவாள். செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு, கார் கூரையில் ஒரு கையை ஊன்றி, குழாயின் நுனியில் ஏறி நின்று உடம்பின் மொத்தப் பாரத்தையும் இறக்குவாள். நட்டு ஒரு முனகல் முனகும். "இப்ப கழண்டு பாரு, பார்க்கலாம்" என்று அதனிடம் சொல்லிவிட்டு அடுத்த நட்டுக்கு நகர்வாள். பஞ்சர் ஒட்டுகிறவரோ மெக்கானிக்கோ, வேறு யார் கை அந்தக் காரின் சக்கரத்தில் பட்டாலும், மறுநாள் விடிந்ததும் வாசலில் இந்த வேலை நடந்தாக வேண்டும். பால்பல் விழுந்த வயதிலிருந்து அவள் மகள் இதைப் பார்த்து வருகிறாள். பால் காய்ச்சுவது, வாளியில் தண்ணீர் பிடிப்பது மாதிரி அதுவும் ஒரு காலை வேலை.

காரணம் இல்லாமல் இல்லை. கணவர் தவறிப்போன பிறகு அவர் ஓட்டிய காரை அவளே ஓட்ட ஆரம்பித்த புதிது. டயர் கடைக்காரர் நட்டுகளைக் கையால் திருகிவிட்டு, முறுக்க மறந்துவிட்டார். பின் சீட்டில் பச்சைக் குழந்தையோடு ஒரு பெண். வளைவு தாண்டியதும் கார் ஒரு பக்கம் சாய்ந்தது. "என்னடா இது, நமக்கு முன்னாடி ஒரு சக்கரம் தனியா ஓடுதேன்னு பார்க்கறேன். நம்ம சக்கரம்! நம்மளையே ஓவர்டேக் பண்ணிட்டுப் போவுது!" யாருக்கும் அடியில்லை. குழந்தை விழிக்கக்கூட இல்லை. இந்தக் கதையை எப்போதும் சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். சொல்லும்போது விரல்கள் மட்டும், இல்லாத ஸ்டீயரிங் ஒன்றை இறுக்கிப் பிடித்திருக்கும்.

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புகிறவர்களை ஏற்றிப் போவதுதான் அவள் தொழில். ஏறுகிறவர்களிடம் முகவரி கேட்பதற்கு முன் "தையல் எந்தப் பக்கம்?" என்று கேட்பாள். வலது பக்கம் என்றால் ஒரு இடம், இடது பக்கம் என்றால் இன்னொரு இடம். முழங்காலுக்கு ஒரு தலையணை, வயிற்றுக்கு ஒரு தலையணை, முதுகுக்குச் சுருட்டிய போர்வை. வேகத்தடை வருமுன்னே குரல் வந்துவிடும்: "மேடு வருது, மூச்சை இழுத்துப் பிடிங்க... ஆச்சு, விடுங்க." அறுவை முடிந்து வந்தவர்கள் பாதி வழியிலேயே தூங்கிப்போவார்கள். மருத்துவமனை வாசலில் சவாரிக்கு நிற்கும் மற்ற டிரைவர்கள் காருக்கு வைத்த பெயர் 'தொட்டில்'. அப்புறம் அது அவளுக்கும் ஒட்டிக்கொண்டு, 'தொட்டிலக்கா' ஆனாள்.

இரண்டு வருடமாகத் தொட்டிலுக்கு நடுக்கம். சும்மா ஓடும்போது ஒன்றும் தெரியாது. பிரேக்கில் கால் வைத்தால் போதும், பெடலுக்கு அடியில் தவளை அகப்பட்டுக்கொண்ட மாதிரி உதைக்கும். ஸ்டீயரிங் வெடவெடக்கும். ஒவ்வொரு சிக்னலிலும் பின் சீட்டில் இருப்பவர்களின் கை தையலுக்குப் போவதைக் கண்ணாடியில் பார்ப்பாள்.

"என்னக்கா, தொட்டில் முறமாயிடுச்சாமே? நல்லாப் புடைக்குதாம்?" என்பார் புது வண்டிக்காரர் ஒருவர்.

"உன் வண்டில ஏறினவங்க அடுத்த நாளே திரும்ப அட்மிட் ஆயிடறாங்க. அதுக்கு முறம் எவ்வளவோ தேவலை" என்பாள். வாய்க்குக் குறைவில்லை. ஆனால் அன்று வீட்டில் சோறு இறங்காது.

காரைப் பார்ப்பது அவளுடைய கொழுந்தன், கணவரின் தம்பி. கடைத்தெரு முடிகிற இடத்தில் ஷெட் வைத்திருக்கிறார். பேச்சுக் குறைந்த மனிதர். சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் பிரேக் டிஸ்க், அதாவது அந்த இரும்புத் தட்டு, தேய்ந்து மேடுபள்ளமாகியிருக்கிறது என்று கண்டார். லேத்தில் கொடுத்துச் சமன் செய்தார். நடுக்கம் போயிற்று. இரண்டு மாதத்தில் திரும்ப வந்தது. புதுத் தட்டே மாட்டினார். போயிற்று, வந்தது. தட்டை இறுக்கிப் பிடித்து நிறுத்தும் பேட்களை மாற்றினார், வேறு கம்பெனித் தட்டு வாங்கினார். வண்டி ஷெட்டிலிருந்து புது மாப்பிள்ளை மாதிரி அடக்கமாக வெளியே வரும். இரண்டு மாதத்தில் பழைய குணம் தலைகாட்டும்.

"உன் கைராசி அப்படி, தம்பி" என்று அவரிடமே சொல்வாள். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மருத்துவமனை வாசலில், பத்து டிரைவர்கள் நடுவில் சத்தமாகச் சொன்னாள்: "என் கொழுந்தன்கிட்ட கொடுத்தா வண்டி இப்படித்தான் வரும். பிரேக் பிடிச்சா நின்னு நமஸ்காரம் பண்ணும்!" எல்லோரும் சிரித்தார்கள். அந்த மாதமே இரண்டு டாக்சிக்காரர்கள் தங்கள் வண்டிகளை வேறு ஷெட்டுக்குக் கொண்டுபோனார்கள். கொழுந்தன் அடுத்த முறையும் "வாங்க அண்ணி" என்றுதான் ஜாக்கியை எடுத்தார்.

இந்த நிலைமையில்தான் மகள் பிரசவத்துக்கு வந்தாள். படித்து முடித்து வேறு ஊரில் வேலை பார்க்கிறவள். குழந்தை குறுக்கே கிடக்கிறது, அறுவைதான் என்று டாக்டர் நாள் குறித்துவிட்டார். ஊரார் பெற்ற பிள்ளைகளையெல்லாம் அலுங்காமல் குலுங்காமல் வீடு சேர்த்த தொட்டிலக்காவுக்குத் தன் பேரப்பிள்ளையைத் தன் வண்டியில் கொண்டுவருவதைவிட வேறு ஆசை இல்லை. ஆனால் டாக்டரிடம் போய்த் திரும்பும்போது சிக்னலில் பிரேக் பிடித்தாள். மகளின் கை வயிற்றுக்குப் போயிற்று. கண்ணாடியில் அதையும் பார்த்தாள்.

மறுநாள் இரவுச் சாப்பாட்டின்போது, தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்: "வேற வண்டி சொல்லிட்டேன். அந்தப் புது வண்டிக்காரன் வர்றேன்னான்."

முறம் என்று கேலி செய்தவரிடமே போய் அம்மா கேட்டிருக்கிறாள். எப்படிக் கேட்டிருப்பாள் என்று நினைத்ததும் மகள் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

"நான் உன் வண்டியிலதான் வருவேன்."

"நடுங்குதுடி. தையல் போட்ட வயித்தோட தாங்குமா?"

"இன்னும் ஒரு வாரம் இருக்கு. சித்தப்பாகிட்ட இன்னொரு தடவை போவோம். நானும் வர்றேன்."

இந்த முறை சித்தப்பா ஜாக்கியை எடுக்கவில்லை. ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"முதல்ல கேள்வி. என்கிட்டேருந்து போறப்ப நடுக்கம் இருந்துச்சா?"

"இல்ல."

"நடுவுல பஞ்சர்?"

"இல்ல."

"யாராவது சக்கரத்தைக் கழட்டி மாட்டினாங்களா?"

"என் வண்டில கை வைக்க எவனுக்குத் தைரியம் இருக்கு?"

காரின் கதவைத் திறந்துவைத்து, காலை வெளியே நீட்டி உட்கார்ந்திருந்த மகள் சிரித்தாள். "கழட்டலை சித்தப்பா. எப்பவும் போல அம்மா மிதிச்சாங்க, அவ்வளவுதான்."

"என்னத்த மிதிச்சாங்க?"

வீட்டு வாசலில் வருடக்கணக்காக நடப்பது ஷெட்டுக்குத் தெரியாது என்பது மகளுக்கு அப்போதுதான் உறைத்தது. வண்டியைத் திருப்பிக் கொடுத்த மறுநாள் காலை அண்ணி என்ன செய்கிறாள் என்று பார்க்க அவர் வந்ததே இல்லை. அம்மாவும் சொன்னதில்லை. மறைக்கவேண்டும் என்றல்ல, சொல்வதற்கு அதில் என்ன இருக்கிறது? மகளோ, போனில் நடுக்கத்தைப் பற்றிய புலம்பலையும் கேட்டிருக்கிறாள், விடுமுறைக்கு வந்தபோது மிதியையும் பார்த்திருக்கிறாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஏன் தோன்றவில்லை? அம்மா செய்வதில் தப்பு இருக்கும் என்று நினைக்கக் கூசியதா, இல்லை, பழகிப்போனதாலா?

"அந்தக் குழாயை எடுங்க அண்ணி" என்றார் சித்தப்பா.

புதுத் தட்டு ஒன்றை மாட்டினார். சக்கரத்தைப் பொருத்தி, நட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினார். அவர் கையிலிருந்த ஸ்பேனர், போதுமான இறுக்கம் வந்ததும் 'டக்' என்று சத்தம் கொடுத்தது. பிறகு கடிகாரம் போன்ற ஒரு கருவியைச் சக்கரத்துக்குப் பின்னால் நிறுத்தி, அதன் நுனி தட்டைத் தொடும்படி வைத்துச் சக்கரத்தைச் சுற்றினார். முள் அசைந்ததா இல்லையா என்றே சொல்ல முடியவில்லை.

காரைக் கீழே இறக்கினார். "இப்ப நீங்க போடுங்க."

"என்னைச் சோதிக்கிறியா?"

"வண்டியைத்தான் சோதிக்கிறேன்."

தொட்டிலக்கா செருப்பைக் கழற்றினாள். வழக்கம்போல வரிசையாக, ஒவ்வொன்றிலும் ஏறி நின்று, மொத்தப் பாரத்தையும் இறக்கினாள். அவர் மறுபடி காரைத் தூக்கிச் சக்கரத்தைச் சுற்றினார். முள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஆடியது.

"தட்டு கோணிக்கிச்சு அண்ணி. கண்ணுக்குத் தெரியாது. ஆனா சுத்தச் சுத்த ஒரே இடத்துல பேட் உரசும். ரெண்டு மாசத்துல ஒரு பக்கம் மெலிசு, ஒரு பக்கம் தடிப்பு. அப்புறம் காலை உதைக்காம என்ன பண்ணும்? வண்டியோட வந்த தட்டு கெட்டி, இத்தனை வருஷம் மிதியைத் தாங்குச்சு; அது தேஞ்சதும் கோணிச்சு, இப்ப வர்ற தட்டெல்லாம் மெலிசு." ஒரு துணியில் கையைத் துடைத்துக்கொண்டார். "எனக்கும் புத்தி வேலை செய்யலை. ஒவ்வொரு தடவையும் நட்டைக் கழட்ட உயிர் போவும். துருன்னு நெனச்சு எண்ணெய் விட்டுக்கிட்டே இருந்தேன்."

தொட்டிலக்கா முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் வெட்கம் வருமா, கோபம் வருமா என்று மகள் காத்திருந்தாள். வந்தது இரண்டும் இல்லை.

"அப்ப கழண்டுச்சுன்னா?" என்றாள், சின்னக் குரலில்.

அத்தனை வருடமும் அந்தக் குழாயின் மேல் ஏறி நின்றது இந்தக் கேள்விதான் என்று மகளுக்குத் தோன்றியது.

"கழலாது அண்ணி. இது டக்குனு சொல்லிட்டா கழலாது."

"அது சொல்லும். எனக்கு எப்படித் தெரியும்?"

சித்தப்பா ஸ்பேனரை அவள் கையில் கொடுத்தார். எல்லா நட்டையும் தளர்த்தி, எதிரெதிராக அவளையே முறுக்கவிட்டார். முதல் 'டக்' கேட்டதும் சுட்டதுபோல் கையை எடுத்தாள். "அவ்வளவுதானா? இதுக்கா நான் ஏறி ஏறிக் குதிச்சேன்?" அடுத்த நட்டுக்குக் குனிந்து, காதைச் சக்கரத்தோடு ஒட்டவைத்துக்கொண்டு முறுக்கினாள். டாக்டர் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்பதைப்போல, ஒவ்வொன்றையும் கேட்டாள். எதிர்ப் பக்கத்துக்கும் புதுத் தட்டு மாட்டி அவளையே முறுக்கவிட்டார்; சுற்றிப் பார்த்தபோது இரண்டு பக்கமும் முள் அசையவில்லை.

புது வண்டிக்காரருக்கு வேண்டாம் என்று சொல்லியாயிற்று. மகள் பெண் குழந்தையோடு தொட்டிலில்தான் வீட்டுக்கு வந்தாள். சிக்னலில் கார் நின்றதே தெரியவில்லை. கண்ணாடியில் அம்மாவின் கண்கள் தன் கையையே பார்ப்பது தெரிந்து, மகள் இரண்டு கைகளையும் குழந்தையின் மேலேயே வைத்துக்கொண்டாள்.

ஆனால் புதுத் தட்டு எப்போதுமே இரண்டு மாதம் நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும். உண்மையான சோதனை அதற்கப்புறம். இரண்டாவது மாதம் முடிந்தது. மூன்றாவதும் முடிந்தது. குழந்தை தலை நின்று, முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியது. பெடலுக்கு அடியில் தவளை திரும்பவில்லை.

"கொழுந்தன் சரி பண்ணிட்டாராக்கா?" என்று மருத்துவமனை வாசலில் டிரைவர்கள் கேட்டார்கள்.

"பழைய வண்டி. ஏதோ இருந்துச்சு, போயிடுச்சு" என்றாள் தொட்டிலக்கா.

அந்த இரண்டு டாக்சிகளும் இன்னும் வேறு ஷெட்டுக்குத்தான் போகின்றன. "சித்தப்பாவைப் பத்தி எங்க கேலியா சொன்னியோ, அங்கயே உண்மையையும் சொல்லணும்மா" என்றாள் மகள். "சொல்றேன், சொல்றேன். வாய் எங்க ஓடிப்போவுது?" என்று அம்மா குழந்தையின் துணிகளை மடிக்கப் போய்விட்டாள்.

நேற்று ஒரு பஞ்சர். இன்று விடியற்காலையில் சித்தப்பா, குழந்தையைப் பார்க்க வந்தேன் என்று சொல்லிக்கொண்டு, அந்த ஸ்பேனரோடு வந்து நின்றார். தொட்டிலக்கா அவருக்கான காபியைத் திண்ணையில் வைத்துவிட்டு அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். எதிரெதிராக முறுக்கினாள். டக். டக். கடைசி நட்டும் சொல்லி முடித்தது.

நிமிர்ந்து கொழுந்தனைப் பார்த்தாள். உதடு பிரிந்தது. வாசற்படியில் குழந்தையோடு நின்ற மகள், அந்த வார்த்தை இதோ வருகிறது என்று நினைத்தாள்.

"காபி ஆறுது, தம்பி" என்றாள் தொட்டிலக்கா.

"இருக்கட்டும் அண்ணி" என்று அவர் குழந்தையின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர் முதுகு திரும்பியதும் அவளுடைய வலது கால் தானாகச் செருப்பைவிட்டு வெளியே வந்தது. நட்டில் இன்னும் மாட்டியிருந்த ஸ்பேனரின்மேல் பாதம் போய் உட்கார்ந்தது. ஒரு கணம் அப்படியே இருந்தாள். பிறகு, பாரம் ஏற்றாமலே காலை மெல்ல எடுத்து, தரையில் துழாவிச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.