கத்திக்கு அடியில் கண் டாக்டர்

தெருமுனைச் சலூன்காரருக்கு ‘நேர்கோடு’ என்று பெயர் வைத்தது அவருடைய வாடிக்கையாளர்கள்தான். அவர் இறக்கிய கிருதா அளவுகோல் வைத்தது போலிருக்கும். அந்தக் கோடு கொஞ்ச காலமாக வளைய ஆரம்பித்திருந்தது. கண்ணாடி போடலாம். ஆனால் கண்ணாடி போட்டவனிடம் எவன் கழுத்தைக் கொடுப்பான்? ஆகவே, சரியாகத் தெரியாமல் சவரம் செய்வதுதான் தொழிலுக்குப் பாதுகாப்பு என்ற முடிவுக்கு வந்திருந்தார்.

வைத்தியம் பார்க்காமலும் இல்லை. படுக்கப்போகும்போது கண்ணுக்கு ஒரு சொட்டு விளக்கெண்ணெய். அன்று காலை எரிச்சல் தாங்காமல், கடையிலேயே தாராளமாக விட்டுக்கொண்டு நிமிர்ந்தார்.

நாற்காலியில் கண் டாக்டர் உட்கார்ந்திருந்தார்.

“சீக்கிரம் முடிங்க. ஆஸ்பத்திரியில கூட்டம் நிக்குது.”

வேறு யாராவது என்றால் டீ குடித்துவிட்டு வரச் சொல்லியிருப்பார். இவரிடம் காரணம் சொல்லவேண்டி வருமே! நுரை தடவினார். இடது கன்னம் கைப்பழக்கத்தில் முடிந்தது. கழுத்துக்கு வந்தபோது நுரை எது, தோல் எது என்று பிடிபடவில்லை. குரல்வளை ஏறி இறங்குவது மட்டும் விரலுக்குத் தெரிந்தது.

“ஆடாதீங்க சார்.”

“நான் ஆடலையே.”

கத்தி தொண்டைக்கு மேல் நின்றது. சலூன்காரரின் இமையோரத்திலிருந்து ஒரு சொட்டு உருண்டு டாக்டரின் மூக்கில் விழுந்தது. அவர் தொட்டுப் பார்த்தார். பிசுபிசுத்தது.

“விளக்கெண்ணெயா?” குரல் மிகவும் மெதுவாக வந்தது.

“குளிர்ச்சிக்கு, சார்…”

“சரி. கையை மட்டும் அப்படியே பின்னால எடுங்க.”

எடுத்தார். அதற்குப் பிறகுதான் இருவருக்கும் மூச்சு வந்தது.

“எவ்வளவு நாளா இப்படி?”

“எண்ணெயா சார்?”

“கண்ணுய்யா!”

“வெளிய சொல்லிடாதீங்க. கோடு போச்சுன்னா கடையும் போச்சு.”

பாதி முகத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது. மீதியை டாக்டரே மழித்துக்கொண்டு, தாடையை வெட்டிக்கொண்டார். பக்கத்தில் நின்ற நேர்கோட்டுக்கு ரத்தம் தெரியவில்லை. வெட்டைவிட அதுதான் டாக்டரை உறுத்தியது.

“சாயந்தரம் வர்றீங்க. வரலேன்னா நானே தெருவெல்லாம் சொல்லுவேன்.”

சாயந்தரம் நேர்கோடு போனார். இருட்டறையில் மோவாயைக் கண் சோதிக்கும் கருவியில் பதித்து உட்கார்ந்தார். வெளிச்சம் கண்ணை நெருங்கியது. கருவிக்குப் பின்னால் பிளாஸ்திரி ஒட்டிய தாடை.

“ஆடாதீங்க.”

“ஆடலையே சார்.”

டாக்டர் விளக்கை அணைத்தார். “புரை விழுந்திருக்கு. எண்ணெய்க்கெல்லாம் அது கரையாது, ஆபரேஷன்தான். நான் சொல்ற வரைக்கும் கத்தியைத் தொடக்கூடாது.”

“அப்புறம்?” அவருடைய வலது கை மடியில், கத்தி பிடித்த மாதிரியே மடங்கியிருந்தது.

“அப்புறம் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு செய்யுங்க.”

“கண்ணாடி போட்டா எவன் சார் வருவான்?”

டாக்டர் பிளாஸ்திரியைத் தடவிக்கொண்டார்.

“நான் வருவேன். போடலேன்னாதான் வரமாட்டேன்.”