இட்டிஃப் பூட்டு

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். பத்தாவதில் எனக்கு இங்கிலீஷ் போச்சு, கணக்கு போச்சு, தமிழில் மட்டும் ஏதோ தப்பித்தேன். அந்தத் தமிழை வைத்துக்கொண்டு ஒரு பக்கம் எழுதுவதற்குள் இரண்டு டீ ஆகிவிடுகிறது. அதைவிடப் பெரிய காரணம், எழுதினால் மூன்று வருஷமாக மூடி வைத்திருந்த குட்டு வெளியே வந்துவிடும். நேற்று கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தபோது, சரி, வரட்டுமே என்று தோன்றியது.

கடை வில்லாபுரத்தில் இருக்கிறது. ஆணி, கீல், தாழ்ப்பாள், குழாய், பெயின்ட் எல்லாம் விற்கும் ஹார்டுவேர் கடை. முதலாளி என் நண்பன். நான் அங்கே பார்ட்னரா வேலையாளா என்பது இன்றுவரை முடிவாகவில்லை. லாபம் வந்த வாரம் அவன் என்னை வேலையாள் என்பான். கஸ்டமர் சண்டைக்கு வந்தால், "பார்ட்னர் உள்ள இருக்காரு, அவர்ட்ட பேசுங்க" என்பான்.

அவன் அப்பாவுக்கு டவுனுக்குள் சுங்குடிச் சேலைக் கடை. வீட்டில் அவர்கள் பேசுவது சௌராஷ்டிரம். பத்து வருஷம் அந்த வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன், ஆனாலும் அந்தப் பாஷையில் எனக்குத் திட்டு மட்டும்தான் புரியும். என்னிடம் அவர் பேசியது அது மட்டும்தானே.

மகன் சேலைக் கடையில் உட்காராமல் துருப்பிடித்த சாமான் விற்கிறான் என்பது அவருக்குப் பெரிய குறை. அந்தச் சமயத்தில்தான் நண்பன் போய், சீனாவிலிருந்து நம்பர் பூட்டு இறக்கப்போகிறேன், பெட்டியில் நம்ம பேரையே அச்சடிக்கப்போகிறேன் என்று சொன்னான். நானும் கூடப் போயிருந்தேன்.

"பூட்டா? திண்டுக்கல்லுக்கு ஒரு மணி நேரத்துல பஸ்சு போகுது. நீ சீனாவுக்குப் போறியா?"

"இது நம்பர் பூட்டுப்பா. மூணு நம்பரச் சுத்துனா தெறக்கும். சாவியே கெடையாது."

"சாவி இல்லாத பூட்ட எவன்டா வாங்குவான்?"

நான் சும்மா இருந்திருக்கலாம். "சாவியத் தொலைக்கிறவுக வாங்குவாகப்பா" என்றேன். அவர் கை தானாக இடுப்புக்குப் போனது. முந்தின வாரம்தான் கடைச் சாவியைத் தொலைத்துவிட்டு, சம்மட்டி வைத்துப் பூட்டை உடைத்துக் கடை திறந்திருந்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். எனக்குப் புரிந்த ஒரே சௌராஷ்டிரத்தில் ரெண்டு வார்த்தை சொன்னார்.

பிறகு மகனிடம் தமிழில் சொன்னார். "செய்யி. ஆனா பொங்கலுக்குள்ள அம்புட்டுப் பெட்டியும் தீரணும். தீரலைன்னா கடையச் சாத்திட்டு சேலை மடிக்க வந்துரணும். அதுக்கப்புறம் பூட்டு, ஆணின்னு என் காதுல விழக் கூடாது."

நண்பன் தலையாட்டினான். ஆட்டும்போதே அவன் முகத்தில் ரத்தம் இல்லை. சேலை மடிப்பது என்றால் அவனுக்குக் காய்ச்சலே வரும்.

பூட்டுக் கம்பெனியைப் பிடித்தது அவனியாபுரம் போகிற வழியில் இருந்த ஒரு பிரவுசிங் சென்டரில். சீனாவில் அந்தக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் பதில் போட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு கடிதமும் "டியர் ஃப்ரெண்ட்" என்று ஆரம்பிக்கும். நண்பன் அதைப் படிக்கும்போது சட்டைக் காலரைச் சரிசெய்துகொள்வான். "கேமராவே இல்ல மாப்ள, யாருக்குடா தலை சீவுற?" என்று கேட்டால் மானிட்டருக்குப் பின்னால் ஒளிந்துகொள்வான்.

பூட்டு மட்டும் என்றால் வெறும் வெள்ளை அட்டைப் பெட்டியில் வரும். சொந்தப் பேர் போட்ட பெட்டி வேண்டுமென்றால் இரண்டாயிரம் பூட்டு எடுக்க வேண்டும், டிசைனை நாங்களே அனுப்ப வேண்டும். இதுதான் அவள் சொன்னது. பேர் என்ன வைப்பது என்று இரண்டு நாள் சண்டை போட்டோம். நண்பன் வைகை என்றான்.

"தண்ணி இல்லாத ஆத்துப் பேர வச்சா பெட்டிக்குள்ள பூட்டும் இருக்காது மாப்ள."

"நீ வாய மூடு. மதுரக்காரன் வைகைன்னா விடமாட்டான்."

அதோடு இன்னொரு பிடிவாதம். பெட்டியில் ஒரு எழுத்துகூட இங்கிலீஷ் வரக் கூடாது. முன்னால் மூன்று நீல அலை, அதன் மேலே 'வைகை நம்பர் பூட்டு'. பின்னால், நம்பரை எப்படி மாற்றுவது என்று ஏழு வரி விளக்கம். எல்லாம் தமிழில். "மேலூர்ல மாட்டுக்குத் தீவனம் வாங்க வர்றவரும் படிச்சுப் புரிஞ்சுக்கணும்டா" என்றான். அதில் எனக்கும் கேலி செய்ய ஒன்றுமில்லை.

டிசைன் போட்டவர் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற ஒரு டி.டி.பி. கடைக்காரர். ஆவணி மாசம், முகூர்த்தக் கூட்டம். இரண்டு கல்யாணம், ஒரு காதுகுத்து, நடுவில் எங்கள் பெட்டி. நண்பன் கடையில் ஆளில்லை என்று கிளம்பிவிட்டான். பின்னால் உட்கார்ந்து அவரைப் படுத்துகிற வேலை எனக்கு. அலை கொஞ்சம் சின்னதா இருக்கு, கண்மாய் மாதிரி தெரியுது, கண்மாய்லகூட இதைவிட ஜாஸ்தி அலை அடிக்கும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்று சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் அவர் திரும்பிக் கேட்டார்.

"தம்பி, கர்வ் பண்ணிக் குடுத்துரவா?"

எனக்கு அது என்னவென்று தெரியாது. தெரியாது என்று சொல்கிற பழக்கமும் கிடையாது. கர்வ் என்றால் வளைவு என்ற அளவுக்கு இங்கிலீஷ் வரும்.

"அண்ணே, பொட்டி நாலு மூலையும் நேரா நிக்கணும்ணே. வளைவு கிளைவு போட்டு விட்டீகன்னா அடுக்கி வைக்கும்போது சரிஞ்சு என் தலையிலதான் விழும். கர்வெல்லாம் பொண்ணு மாப்பிள்ளை பத்திரிகைக்குப் போடுங்க."

காதுகுத்துக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். டிசைன்காரர் சிரிக்கவில்லை. "ஒங்க இஷ்டம்ப்பா" என்று சி.டி.யில் எழுதிக் கொடுத்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து அவர் யாருக்கோ போன் போட்டுப் பேசினார், எனக்குக் கேட்கவில்லை. நான் அன்றைய ஜோக்கை நானே மெச்சிக்கொண்டு சைக்கிளை மிதித்தேன்.

பிரவுசிங் சென்டரிலிருந்து அதை அனுப்பினோம். பத்து நாளில் சீனாவிலிருந்து அந்த ஃபைல் திரும்பி வந்தது. அச்சுக்குப் போகும் முன் எழுத்தைச் சரிபார்க்கச் சொல்லியிருந்தாள். நாங்கள் ஒழுங்காகத்தான் சரிபார்த்தோம். அதே டி.டி.பி. கடையில், அதே கம்ப்யூட்டரில் திறந்தோம். வைகை பளபளவென்று இருந்தது. பின்பக்க ஏழு வரியில் ஒரு புள்ளி தப்பில்லை. நண்பன் "ஓகே, வெரி நைஸ்" என்று பதில் போட்டான்.

கார்த்திகையில் தூத்துக்குடியிலிருந்து லாரி வந்தது. நண்பனின் அப்பாவும் வந்திருந்தார், கையில் ஒரு முழம் மல்லிகைப்பூ, முதல் பெட்டிக்குப் போட. நண்பன் அட்டையைக் கிழித்து ஒன்றை எடுத்தான். எடுத்தவன் அப்படியே நின்றான்.

அலை மூன்றும் அழகாக இருந்தது. அலைக்கு மேலே, வைகை இருக்க வேண்டிய இடத்தில், பெரிதாக நாலு இங்கிலீஷ் எழுத்து. ஐ, டி, ஐ, எஃப். பக்கத்தில் பூட்டு என்ற இடத்தில் ஒரு ஜி, ஒரு கூட்டல் குறி, ஒரு எல், ஒரு அரைப்புள்ளி, இன்னொரு எல். பின்பக்கம் திருப்பினால் ஏழு வரியும் அதே கதி.

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக்கூட்டினார். "இ... ட்... டிஃப். இட்டிஃபா? யாருடா அது? கூட்டலெல்லாம் போட்டிருக்கு, வாய்ப்பாடா?"

அவர் இன்னொரு பெட்டி எடுத்தார், இன்னொன்று எடுத்தார். எல்லாம் இட்டிஃப். பூவை மேஜையில் வைத்துவிட்டு, "பொங்கலுக்கு இன்னும் ஒண்ணர மாசம் இருக்கு" என்றார். திட்டவில்லை. அவர் திட்டாமல் போனது அன்றுதான் முதல் தடவை.

அந்த ராஸ்கல் சீனாக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று நான்தான் அதிகம் கத்தினேன். நண்பன் கத்தவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு பூட்டின் நம்பரைச் சுற்றிக்கொண்டே இருந்தான். "நம்ம எழுத்துல வரணும்னு ஆசப்பட்டேன்டா" என்றான். அதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. ஒரு சாக்கில் நூறு பெட்டியைப் போட்டு மேலூர் பஸ் ஏறிவிட்டேன்.

விளக்கத்தைப் படிக்க முடியாத பூட்டை விற்க ஒரே வழி, செய்து காட்டுவது. பஸ் ஸ்டாண்டு வாசலில் ஒரு சங்கிலியில் போட்டுப் பூட்டுவேன், சுற்றுவேன், திறப்பேன். கூட்டம் சேர்ந்துவிடும்.

"தம்பி, இது என்ன பேரு?"

"இட்டிஃப்புண்ணே."

"ஃபாரினா?"

"கப்பல்ல வந்ததுண்ணே." அது பொய்யில்லை.

"பின்னாடி என்ன எழுதியிருக்கு?"

"அது அவுக பாஷைண்ணே. நமக்கெதுக்கு? வாங்க, நான் சொல்லித் தாரேன்." இது பொய்.

கிரானைட் குவாரியில் வேலை பார்க்கிற ஒருத்தர், ரெண்டு நம்பரை மட்டும் சுற்றிவிட்டு இழுத்துப் பார்த்தார். திறக்கவில்லை. "பரவால்ல, நம்மள மாதிரியே வீம்பு பிடிச்சது" என்று மூன்று வாங்கிக்கொண்டார். அடுத்த சந்தைக்குப் போனபோது நான் இறங்கும் முன்பே ஒருத்தர் கேட்டார், "ஏப்பா, இட்டிஃப் வந்துருச்சா?"

வாடிப்பட்டியில்தான் மாட்டினேன். வழக்கம்போல வித்தை காட்டிக்கொண்டிருந்தேன். டைப்பிங் கற்றுக்கொடுக்கிற கடையிலிருந்து ஒரு பொண்ணு வந்து, பெட்டியை வாங்கித் திருப்பி, கடகடவென்று படித்தாள். "முதலில் மூன்று எண்களையும் சைபரில் வைக்கவும். பிறகு கொக்கியைத் திருப்பி உள்ளே அழுத்தவும்."

"எக்கா, ஒங்களுக்குச் சீன பாஷை தெரியுமா?"

"சீனமுமில்ல கீனமுமில்ல. இது தமிழுதான். எங்க கம்ப்யூட்டர்ல ஐ அடிச்சா ஐகாரக் கொம்பு வரும், டி அடிச்சா வ, எஃப் அடிச்சா க. அந்தத் தமிழ் எழுத்து இல்லாத கம்ப்யூட்டர்ல தெறந்தா கீபோர்டுல அடிச்ச இங்கிலீஷ் எழுத்துதான் தெரியும். ஐ, டி, ஐ, எஃப். வைகை."

"இங்க தெறந்தப்ப நல்லா இருந்துச்சே?"

"இங்க அந்த எழுத்து இருக்கு, அங்க இல்ல. அதுக்குத்தான் கர்வ் பண்ணி அனுப்புவாங்க. எழுத்து படமா மாறிரும், எங்க தெறந்தாலும் ஒண்ணுபோல இருக்கும். ஏன், டிசைன் போட்டவரு கேக்கலையா?"

கேட்டார். நான்தான் மூலை சரியும் என்றேன்.

அந்தப் பொண்ணுக்கு ஒரு பூட்டைச் சும்மா கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன். அன்று கண்டக்டரைக்கூட நான் கிண்டல் செய்யவில்லை. வில்லாபுரம் வந்ததும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். கடையில் நண்பன் மீதிப் பெட்டியை எண்ணிக்கொண்டிருந்தான். "மாப்ள, இன்னும் எண்ணூறுதான்டா" என்று அவன் சிரித்தான். "சீனாக்காரன் ஒழிக" என்று சொல்லிவிட்டு அவனோடு சேர்ந்து எண்ணினேன்.

போகிக்கு முதல் நாள் கடைசிப் பெட்டி போனது. வாங்கியது நண்பனின் அப்பா. சேலைக் கடைக்கு என்றார். நம்பர் என்ன வைத்தீர்கள் என்று கேட்டேன். "ஒங்கிட்ட சொல்லவா?" என்றார். அடுத்த தடவை எழுத்தைச் சரியாகப் போட்டு வைகை என்றே அடிக்கலாம் என்று நண்பன் சொன்னபோது, அவர்தான் மறித்தார். "மேலூர்க்காரன் இட்டிஃப்புன்னு கேக்குறான். நீ வைகைன்னு குடுத்தா டூப்ளிகேட்டும்பான். முன்னாடி இட்டிஃப், பின்னாடி தமிழு." நண்பன் கடை தப்பித்தது. சேலையை மடிக்க வேறு ஆள் வைத்துக்கொண்டார்கள்.

அதிலிருந்து மூன்று தடவை பெட்டி அடித்தாயிற்று. முன்பக்கம் அலைக்கு மேலே இட்டிஃப். பின்பக்கம் அருமையான தமிழ், கர்வ் பண்ணிய தமிழ்.

நேற்று இதைப் பாதி எழுதிவிட்டு, அவனிடம் சொல்லாமல் எழுதுவது சரியில்லை என்று கடைக்குள் போனேன். அவன் தராசில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தான்.

"மாப்ள, அந்த இட்டிஃப் சீனாக்காரன் பண்ணுனது இல்லடா. டிசைன்காரரு கர்வ் பண்ணவான்னு எங்கிட்ட கேட்டாரு. நான்தான் நக்கல் பண்ணி வேணாம்னுட்டேன். மூணு வருசமா ஒங்கிட்ட சொல்லல."

அவன் தராசிலிருந்து ஒரு ஆணியை எடுத்துத் திரும்பச் சாக்கில் போட்டான். தலையைத் தூக்கவில்லை.

"தெரியும்டா, அன்னைக்கே அவரு எனக்குப் போன் போட்டாரு, 'மாப்ள வேணாம்னா வேணாம்ணே'ன்னு நான்தான் சொன்னேன்."