ஜட்ஜும் கறுப்புத் திரையும்

என் அக்கா புருஷனுக்கு ஜட்ஜு என்று பேர் வைத்தவர்கள் லாரி டிரைவர்கள். பழைய இரும்பு வாங்கி விற்கிற கிடங்கில் எடை மேடைக்கு அவர்தான் ஆள். லாரி மேடை மேல் ஏறி நிற்கும். பக்கத்தில் இருக்கும் தகர அறைக்குள் உட்கார்ந்தபடி இவர் வண்டி நம்பரை அடிப்பார், ஒரு பட்டனைத் தட்டுவார், பிரிண்டர் கர்ரென்று கத்திக்கொண்டே சீட்டைத் துப்பும். அதைக் கிழித்து ஜன்னல் வழியாக நீட்டுவார். எடை குறைகிறதே என்று எவனாவது முனகினால் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்.

"எறங்கிட்டு மறுபடி ஏறு. அதேதான் வரும்" என்பார்.

அதேதான் வரும். அதனால்தான் அந்தப் பேர்.

நான் அதே கிடங்கில் கேட்டில் நிற்கிறவன். எனக்கும் படிப்புக்கும் சின்ன வயதிலேயே ஒத்துவரவில்லை. நான் பள்ளிக்கூடத்தை விட்டதில் என்னைவிட வாத்தியாருக்குத்தான் நிம்மதி. இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் மச்சான்தான். அதை ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்ட வேண்டுமென்றால் வாயைத் திறக்க வேண்டுமே, அந்தச் சிரமம் அவருக்கு ஆகாது.

அவர் வைத்திருந்த கம்ப்யூட்டர் அந்தக் காலத்து டாஸ் மெஷின். படம் கிடையாது, கலர் கிடையாது, மவுஸ் கிடையாது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. ஒரு சின்னக் கோடு கண்ணைச் சிமிட்டிக்கொண்டே இருக்கும். நீ ஏதாவது அடித்தால் செய்யும். தப்பாக அடித்தால் எனக்குத் தெரியாது என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு மறுபடியும் கண்ணைச் சிமிட்ட ஆரம்பித்துவிடும்.

மாடியில் கணக்குப் பார்க்கிறவர்கள் புதுக் கம்ப்யூட்டர் வைத்திருந்தார்கள். அது நல்ல மூடில் இருந்தால் வேலை செய்யும். இல்லாவிட்டால் திரையில் ஏதோ சுற்றிக்கொண்டே இருக்கும், அவர்கள் மேஜையில் தாளம் போட்டுக்கொண்டு இருப்பார்கள். கீழே மச்சான் ஸ்விட்சைப் போட்டு இரண்டு தரம் செருமுவதற்குள் இவருடையது எழுந்து நிற்கும். வேறு கிடங்குகளில் புதியதை மாட்டி நொந்து போனவர்கள் வந்து பார்த்துவிட்டுப் பெருமூச்சு விடுவார்கள். இந்த மாதிரி ஒன்று எங்காவது கிடைக்குமா என்று அவரிடமே கேட்டவர்களும் உண்டு.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன், அப்படி அதில் என்னதான் இருக்கிறது என்று.

"ஒண்ணும் இல்ல மாப்ளே. அதான் விசேஷம்" என்றார். அப்புறம் அவராகவே பேசினார். "அதுவா வந்து நம்மகிட்ட எதையும் கேக்காது. நாம சொன்னத மட்டும் செய்யும். நேத்து சொன்னதுக்கு என்ன சொல்லுச்சோ, இன்னைக்கும் அதையேதான் சொல்லும். ஒங்க அக்கா மாதிரியா? ஒரு உப்பு கேட்டா ஒம்பது கேள்வி."

இதை நான் அக்காவிடம் போட்டுக் கொடுத்தேன். அன்றைக்கு ராத்திரி அவர் தட்டில் குழம்பில் உப்பே இல்லையாம்.

கண் எப்போது கெட ஆரம்பித்தது என்று அவருக்கே தெரியாது. வலி இல்லை, சிவப்பு இல்லை. நடக்கும்போது கதவு நிலையில் தோள் இடிக்கும், பக்கத்தில் வருகிறவன் திடீரென்று முளைத்த மாதிரி தெரியும், அவ்வளவுதான். ஒரு தடவை நான்தான் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்றுகொண்டிருக்கிறது, பார்வை ஓரத்திலிருந்து போகும், கடைசியில் குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி நடுவில் கொஞ்சம் மிஞ்சும் என்று டாக்டர் சொன்னார். போனது போனதுதான், மருந்து விட்டு இருப்பதை இழுத்துப் பிடிக்கலாம் என்றார்.

வெளியே வந்ததும் மச்சான் என் தோளில் கை வைத்தார். "ஒங்க அக்காகிட்ட கண்ணுல தூசின்னு சொல்லிரு. கெடங்குல யாருக்கும் தெரிய வேணாம்."

அன்றிலிருந்து நான் கேட்டில் நின்றுகொண்டு ஒவ்வொரு லாரி நம்பரையும் தொண்டை கிழியக் கத்தினேன். டீக்காரர் எனக்குக் காது போய்விட்டதா என்று கேட்டார். மச்சான் ஏதோ ஒரு வரி அடித்தார், திரையில் எழுத்தெல்லாம் இரண்டு மடங்கு அகலமாகிக் கொழுகொழுவென்று நின்றது. கறுப்பில் வெள்ளை, அதுவும் இவ்வளவு பெரிதாக. குழாய்ப் பார்வைக்கு அது போதும். எடை கேபிள் வழியாக மெஷினுக்குள் தானாக வந்துவிடும். மற்றதெல்லாம் விரலுக்குத் தெரியும். இப்படியே வருஷக்கணக்கில் ஓட்டினார். ஒரு சீட்டுகூடத் தப்பு வந்ததில்லை.

பிறகு முதலாளி புது மெஷின் வாங்கினார். வண்டியைப் படம் பிடிக்க வேண்டும், சீட்டு போனுக்குப் போக வேண்டும், வாங்குகிற கம்பெனிகள் கேட்கின்றன. அவரைக் குறை சொல்ல முடியாது. புதுத் திரை ஜன்னல் அகலத்துக்கு இருந்தது, வெள்ளை வெளேரென்று கண்ணைக் குத்தியது. அதில் ஒரு அம்பு. மச்சான் மவுஸைப் பிடித்துக்கொண்டு அந்த அம்பைத் தேடினார். பொட்டல் காட்டில் எறும்பைத் தேடுகிற மாதிரி.

மெஷின் மாட்ட வந்த பெண் கெட்டிக்காரி, மனசும் உள்ளவள். கொஞ்ச நேரம் பார்த்தாள், எதுவும் கேட்கவில்லை. மவுஸைத் தொடாமல் கீபோர்டிலேயே எந்தப் பட்டனை எத்தனை தரம் தட்டினால் எந்தக் கட்டத்துக்குப் போகும் என்று வாயால் சொல்லிக் கொடுத்தாள். வீட்டில் சாப்பிடும்போதும் அவர் விரல் தொடையில் தட்டிக்கொண்டே இருந்ததாக அக்கா சொன்னாள். மனுஷன் மனப்பாடம் பண்ணிவிட்டார். வண்டி ஓடியது. நானும் மூச்சு விட்டேன்.

ஒரு காலையில் அந்த மெஷின் தானாகவே திரை நடுவில் ஒரு பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு ஏதோ கேட்டது. அவருக்குத் தெரியவில்லை. எப்போதும் போல் அடித்துக்கொண்டே போனார். அடித்ததெல்லாம் அந்தப் பெட்டிக்குள் போனது. சீட்டு வரவில்லை. மேடையில் லாரி நிற்கிறது, பின்னால் வரிசை ஹாரன் அடிக்கிறது. ஒரு டிரைவர் அறைக்குள்ளேயே வந்துவிட்டான்.

"அதுல என்னமோ கேக்குது பாருங்க, ஜட்ஜய்யா."

மச்சான் பார்த்தார்.

"எங்க பாக்குறீங்க? இங்க இருக்கு" என்றான் அவன். குரலில் கேலி இல்லை. பயந்துவிட்டான். அப்புறம் மெதுவாக அவர் முகத்துக்கு முன்னால் கையை ஆட்டினான். ஜன்னலில் நின்ற இன்னும் இரண்டு பேர் அதைப் பார்த்தார்கள். மத்தியானத்துக்குள் கிடங்கு முழுக்கத் தெரிந்துவிட்டது.

நான் முதலாளியிடம் போய் நின்றேன். பழைய மெஷினையே திரும்ப வையுங்கள், அதில் அவர் தப்பே செய்ததில்லை என்றேன்.

"எனக்குத் தெரியும்பா. ஆனா கண்ணு தெரியாத ஆள எட போட வச்சிருக்கேன்னு நாளைக்கு ஒருத்தன் சொன்னா, அதுக்கப்புறம் என் சீட்ட எவன் நம்புவான்?"

மச்சானுக்கு அன்றோடு கணக்கு முடித்தார். பழைய மெஷினை அவருக்கே கொடுத்துவிட்டார். லாரியில் வீட்டுக்குப் போகும்போது மச்சான் அதன் திரைப் பெட்டியை மடியில் வைத்துக் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்தார்.

அக்காவுக்கு அன்றைக்குத்தான் எல்லாம் தெரிந்தது. புருஷனை ஒன்றும் சொல்லவில்லை. என்னைத்தான் பிடித்தாள். "தூசின்னு சொன்னியேடா" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். வாங்கிக்கொண்டேன்.

உள் அறையில், ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் மேஜை போட்டு மெஷினை வைத்தோம். காலையில் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார். என்ன செய்கிறார் என்றால், ஒன்றும் இல்லை. தேதி கேட்பார். உள்ளே என்னென்ன இருக்கிறது என்று கேட்பார். மெஷின் கரகரவென்று பதில் தேடும். பழைய லாரி நம்பர்களை வரிசையாக அடிப்பார், அழிப்பார்.

அக்கா ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள். ஆள் முகம் தெரியவில்லை, தட்டில் இருப்பது தெரியவில்லை, ஆனால் அந்தத் திரை எழுத்து தெரிகிறது என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். விசாரிக்க வருகிறவர்களிடமெல்லாம் அதைத்தான் அவள் சொல்வாள். "கம்ப்யூட்டர் எழுத்து நல்லாத் தெரியுதாம். அது அப்படியே நின்னாப் போதும்னு டாக்டர் சொல்லிருக்காரு." ஒரு நாள் தவறாமல் மருந்து விட்டாள். மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கூப்பிட்டால் மட்டும் அவர் அசைய மாட்டார். எழுத்துதான் தெரிகிறதே, அங்கே போய் என்ன செய்ய என்பார்.

லீவு நாளில் ஒரு தடவை போனேன். வெளிச்சம் ஆகாது என்று திரைச்சீலையை இழுத்துவிட்டிருந்தார்கள். மச்சான் அடித்துக்கொண்டிருந்தார். மெஷின் கரகரத்தது. அக்கா பின்னால் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன்.

திரையில் ஒன்றும் இல்லை. எழுத்து இல்லை, சிமிட்டுகிற கோடு இல்லை. மெஷின்தான் ஓடியது, திரைப் பெட்டியின் ஓரத்துப் பச்சை விளக்குகூட எரியவில்லை. கண்ணாடியில் கை வைத்தேன். அது எரியும்போது கை வைத்தால் மயிர் சிலிர்க்கும், சூடாக இருக்கும். இப்போது ஜில்லென்று இருந்தது. விரலில் தூசி அப்பியது.

அக்காவைப் பார்த்தேன். எழுந்து வந்தாள். கண்ணாடியைக் காட்டி, கையை விரித்தேன்.

"அது எப்பவுமே கறுப்பாத்தானேடா இருக்கும்?" என்றாள், காற்று மாதிரி.

எத்தனை நாளாகப் போய்க் கிடக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கு மட்டும் எப்படித் தெரியும். எழுத்து இருக்கிறதா என்று அவள் ஒரு நாளும் கிட்டே போய்ப் பார்த்ததில்லை. அவர் பார்க்கிறார் என்பதே அவளுக்குப் போதுமாக இருந்திருக்கிறது.

"என்ன மச்சான் கேட்டிருக்கீங்க?" என்றேன்.

"தேதி."

"சொல்லிருச்சா?"

"சொல்லாம? இதோ."

விரலைக் கொண்டுபோய்க் கண்ணாடியில் வைத்தார். எழுத்து வருகிற அதே உயரத்தில். இடமிருந்து வலமாக நகர்த்திக்கொண்டே கிழமை, மாசம், தேதி என்று வாசித்தார். எல்லாம் சரியாக இருந்தது. அவர் எங்களை ஏமாற்றுகிறாரா, இல்லை அவருக்கு நிஜமாகவே அங்கே எழுத்து தெரிகிறதா என்று அந்த முகத்தைப் பார்த்து என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"நல்லாத் தெரியுதுல்ல மாப்ளே?" என்றார்.

நான் தலையாட்டினேன். அவர் விரலை எடுக்காமல் காத்திருந்தார். அக்கா மடித்த துணியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள்.

"தெரியுது மச்சான்" என்று சத்தமாகச் சொன்னேன்.