புதன்கிழமை வெயில்

என் கையெழுத்து கோழிக் கிறுக்கலாக இருக்கும். எழுத்துப் பிழையும் நிறைய வரும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனவன் நான். தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை மடித்து அடுக்குகிறேன். அங்கே நான் எழுதுவது பண்டல் சீட்டில் எண்கள் மட்டும்தான். வாயால் சொல்லலாம் என்றால் கூச்சம். நாலு பேர் என் முகத்தைப் பார்த்தால் பாதியில் நிறுத்திவிடுவேன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

மயிலாப்பூரில் ஒரு வீட்டின் மொட்டைமாடியில் ஒற்றை அறை எங்களுக்கு. மேலே சிமெண்ட் ஷீட். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு நானும் மனைவியும் மட்டும்தான். எங்கள் கடைப் புடவைகளுக்கு அவள் வீட்டிலிருந்தபடியே ஃபால்ஸ் தைக்கிறாள். போன வருடம் அக்னி நட்சத்திரத்தில், ஒரு மதியம், தைத்துக்கொண்டிருந்தவள் மெஷின் மேலேயே சாய்ந்துவிட்டாள். மெஷின் சத்தம் நின்று வெகுநேரம் ஆகிறதே என்று மேலே வந்து பார்த்த வீட்டுக்கார மாமிதான் தண்ணீர் தெளித்து, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நான் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நான் எதுவும் சொல்ல முடியாது. வெயில் காலத்துல அந்த ரூம்ல வைக்காதீங்க" என்றார்.

அன்றிலிருந்து எனக்கு வெயில் மேல் சந்தேகம். காலையில் எழுந்ததும் வானத்தைப் பார்ப்பேன். இரவு டிவியில் மீனம்பாக்கம் எவ்வளவு, நுங்கம்பாக்கம் எவ்வளவு என்று கேட்டு, தினசரி காலண்டர் தாளின் ஓரத்தில் குறித்து வைப்பேன். இந்த வருடம் பங்குனியிலேயே ஆரம்பித்துவிட்டது. இயல்பை விட அதிகம், இயல்பை விட அதிகம் என்று டிவியில் செய்தி வாசிக்கிற பெண் தினமும் அதையே சொன்னாள். அதையும் நான் நம்பவில்லை. எங்கேயோ நிழலில், காற்றாடும் பெட்டிக்குள் வைத்து அளக்கிறார்களாம். எங்கள் தலைக்கு மேல் நிழலும் இல்லை, பெட்டியும் இல்லை. அவர்கள் சொல்கிற சூடு வேறு, எங்கள் ஷீட்டுக்கு அடியில் இருக்கிற சூடு வேறு.

பாண்டி பஜார் நடைபாதையில் சுவரில் மாட்டுகிற தெர்மாமீட்டர் ஒன்று வாங்கினேன். நடைபாதைச் சாமான் சரியாகக் காட்டுமா என்று ஒரு சந்தேகம். கடைக்குக் கொண்டுபோய் ஏசியில் எண் தெரிகிற இடத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். கல்லாவில் இருந்த அண்ணாச்சி பார்த்துவிட்டார்.

"என்னவே, கடைக்குக் காய்ச்சலா? நாக்குக்கு அடியில வச்சுப் பாரும்!"

எல்லாரும் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஆனால் இரண்டும் ஒரே எண்ணைத்தான் காட்டின.

அன்று இரவே மனைவியிடம் சொல்லிவிட்டேன். மதியம் சூடு நாற்பதைத் தாண்டி ஒரு வாரம் தொடர்ந்து நின்றால், வேளச்சேரியில் இருக்கிற என் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவது. அண்ணி இறந்த பிறகு அவர் தரைத்தளத்தில் இரண்டு அறையோடு தனியாக இருக்கிறார். மேலே இன்னும் மூன்று மாடி இருப்பதால் வெயில் இறங்காது. வா, வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

"சரி" என்றாள் மனைவி.

எதற்கும் அவ்வளவு சீக்கிரம் சரி சொல்கிறவள் இல்லை அவள். மதியம் நான் கடையில் இருப்பேன். பார்த்துச் சொல்ல வேண்டியவள் அவள்தான். அதனால், "சூடம் அணைச்சு சத்தியம் பண்ணு. அதுல இன்னா நம்பர் காட்டுதோ அதத்தான் சொல்லணும்" என்றேன். முறைத்தாள். ஆனாலும் சூடத்தை ஏற்றி, உள்ளங்கையால் அடித்து அணைத்தாள்.

மறுநாளிலிருந்து மதியம் சாப்பாட்டு வேளையில் அவளிடமிருந்து ஃபோன் வரும்.

"எவ்ளோமே?"

"முப்பத்தாறு."

"நல்லா பாத்தியா?"

"எனக்கு இன்னா கண்ணு அவிஞ்சா பூட்ச்சி? முப்பத்தாறுதான் கீது."

அன்று நுங்கம்பாக்கமே நாற்பத்தொன்று. எங்கள் ஷீட்டுக்கு அடியில் மட்டும் முப்பத்தாறா? அடுத்த நாள் முப்பத்தைந்து. அதற்கடுத்த நாளும் அப்படித்தான். எனக்கு வாரலீவு புதன்கிழமை. அந்தப் புதன்கிழமை மதியம் நானே பார்த்தேன். நாற்பத்திரண்டு.

"இன்னாமே இது?"

"நீ ஊட்ல கீறன்னு மீன்கொழம்பு வெச்சேன். ரெண்டு அடுப்பும் எரியுது. ஏறாம இன்னா பண்ணும்?"

வியாழக்கிழமை மறுபடி முப்பத்தாறு. இரவு நான் வீடு திரும்பும்போது சூடு குறைந்துவிடும், எதையும் சரிபார்க்க முடியாது. அடுத்த புதன்கிழமை அடுப்பே மூட்ட வேண்டாம் என்று கடையில் சாம்பார் சாதம் வாங்கி வந்தேன். அன்றும் நாற்பத்திரண்டு.

"இப்ப இன்னா சொல்ற?"

"ரெண்டு பேர் மூச்சு வுடுறோம்ல" என்றாள், ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டே.

புதன்கிழமைதோறும் மட்டும் மயிலாப்பூருக்கு வெயில் கூடுமா? காலண்டர் தாள்களை வரிசையாக வைத்துப் பார்த்தேன். டிவி சொன்ன எண்கள் ஏறிக்கொண்டே போயின. எங்கள் அறையின் எண்கள் புதனுக்கு ஒரு குதி குதித்து, வியாழனன்று கீழே விழுந்தன. என் சந்தேகம் வீட்டுக்காரர் மேல் போனது. இந்த அறைக்கு வேறு யாரும் குடிவர மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். நாங்கள் போய்விடக்கூடாது என்று, நான் இல்லாத நாட்களில் ஷீட் மேல் தண்ணீர் விடுகிறாரோ? மூன்று நாள் யோசித்துவிட்டு, மாடிப்படியில் எதிர்ப்பட்டபோது தரையைப் பார்த்தபடி கேட்டுவிட்டேன்.

"நானா?" என்றார். "குளிக்கவே லாரித் தண்ணி வாங்கிண்டிருக்கேன். உன் கூரைக்கு அபிஷேகம் வேற பண்ணுவேனா? நன்னாக் கேட்டே போ!"

அதற்குப் பிறகு இரண்டு நாள் அவர் கண்ணில் படாமல் ஒளிந்து நடந்தேன்.

அந்த வாரம் அடையாறில் ஒரு வாடிக்கையாளர் வீட்டுக்குப் புடவைப் பெட்டி கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார் அண்ணாச்சி. கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியில், மதிய நேரம், மயிலாப்பூரில் இறங்கிவிட்டேன். செருப்பைக் கீழேயே கழற்றிவிட்டு ஏறினேன். மொட்டைமாடித் தரை காலைச் சுட்டது. கதவு திறந்திருந்தது. மனைவி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரோரம் நின்றாள். தெர்மாமீட்டரின் அடியில் இருக்கிற சிவப்புக் குமிழைச் சுற்றி ஃபால்ஸ் துணித் துண்டு ஒன்று. அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் ஃபோனை அழுத்தினாள். என் சட்டைப் பையில் மணி அடித்தது.

திரும்பினாள். ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது.

"சூடம் அணைச்சுட்டு பொய் சொல்லிக்கினு இருந்தியா?"

"நான் எங்க பொய் சொன்னேன்? அதுல இன்னா காட்டுச்சோ அதத்தான் சொன்னேன். இப்பவும் முப்பத்தாறுதான். வந்து பாரு."

"துணி?"

"துணி கட்டக்கூடாதுன்னு நீ சத்தியம் வாங்கலியே."

எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. துணியை அவிழ்த்துத் துடைத்துவிட்டுக் காத்திருந்தேன். சிவப்புக் கோடு மெல்ல ஏறி நாற்பத்துமூன்றில் நின்றது. இத்தனை நாளும் இந்தச் சூட்டில்தான் அவள் உட்கார்ந்து தைத்திருக்கிறாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

"நீ செத்துப் போயிடுவ மே" என்றேன்.

"அங்க போனா மட்டும்?" என்றாள். அப்புறம்தான் சொன்னாள். பெருவெள்ளம் வந்த வருடம் நாங்களும் வேளச்சேரியில், அண்ணன் தெருவிலேயே, தரைத்தளத்தில் குடியிருந்தோம். நான் தி.நகர் கடையில் மாட்டிக்கொண்டேன். "பொண்ண பரண் மேல ஏத்திட்டு நான் கட்டில் மேல நின்னுக்கினு இருந்தேன். கட்டில் மேலயே இடுப்புக்கு வந்துச்சுயா தண்ணி. கரண்டு இல்ல, ஃபோன் இல்ல. இருட்டுல இன்னாவோ கால்ல ஒரசிக்கினு போச்சு. கத்துனா யாருக்கும் கேக்கல. ரெண்டு நாள் கழிச்சு வந்தியே, வந்து இன்னா கேட்ட? 'மெஷின் நனைஞ்சிடுச்சா'ன்னு கேட்ட." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "இங்க நான் உயுந்தா மாமியாவது ஓடியாருவாங்க."

இத்தனை வருடத்தில் இதை அவள் சொன்னதே இல்லை.

அன்றே அவளைக் கீழே கூட்டிப்போனேன். மாமி ஒன்றும் கேட்கவில்லை. மாடிப்படிக்கு அடியில் காற்று வருகிற இடத்தைக் காட்டி, வெயில் தாழும்வரை அங்கே உட்கார்ந்து கையாலேயே தைக்கச் சொன்னார். அக்னி நட்சத்திரம் அப்படியே கழிந்தது. ஆனால் அது மாமியின் தயவு. அடுத்த வருடமும் கேட்க எனக்கு வாய் வராது. ஆகவே அண்ணன் வீட்டுப் பேச்சு எங்களுக்குள் தீரவில்லை.

ஐப்பசியில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. இப்போது சூட்டுக்குப் பதில் மழை அளவைக் குறித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் ஃபோன் செய்தார். "இன்னாடா தம்பி, இத்தினி நாள் மழ ஊத்துது, இங்க சொட்டுத் தண்ணி நிக்கல. பெரிய கால்வா வெட்டிட்டாங்க. அவகிட்ட சொல்லு."

சொன்னேன். "போய்ப் பாக்கலாம்" என்றாள்.

மழை விட்ட மறுநாள் பறக்கும் ரயிலில் போனோம். தெரு காய்ந்துதான் இருந்தது. அண்ணன் வாசலுக்கே வந்து கூட்டிப்போனார். "பாத்தியாமா? செருப்புகூட நனையல!" உள்ளே போனோம். சுவரில் புது பெயிண்ட், பச்சை. ஆனால் கீழே மட்டும். மேலே பழைய வெளுத்த நிறம்.

"அடில பொரிஞ்சிருந்துச்சு. அதான் அதுவரைக்கும் அடிச்சேன்" என்றார் அண்ணன், யாரும் கேட்காமலே.

ஃபிரிட்ஜ் செங்கல் மேல் நின்றது. என் மனைவி சுவர் ஓரமாகப் போய் நின்றாள். பச்சை அவள் இடுப்புவரை இருந்தது. அண்ணன் கொடுத்த காபியைக் குடித்து, டம்ளரைக் கழுவி வைத்தாள். இந்த மழையில் தண்ணீர் வரவில்லை என்று அண்ணன் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். எந்த மழையில் வந்தது என்று நான் கேட்கவில்லை. தனியாக இருக்கிற மனுஷன்.

திரும்பும் ரயிலில், "இன்னா சொல்ற?" என்றேன்.

"நீ சொல்லுயா. எல்லாத்தையும் சந்தேகப்படுற ஆளு நீதான."

"மேலயே இருப்போம். ஆனா பங்குனி பொறந்தா மதியத்துல நீ மேல இருக்கக்கூடாது."

"சரி" என்றாள். இந்தச் சரியையும் நான் முழுதாக நம்பவில்லை.

அதனால் இன்று காலை நானே கீழே இறங்கி, மாமியிடம் அடுத்த கோடைக்கு மாடிப்படி இடத்தைக் கேட்டேன். அதற்கு முன் இரண்டு தடவை பாதிப் படியிலேயே திரும்பி ஏறிவிட்டேன். "இதைக் கேக்கணுமா? மெஷினை எறக்கிடுங்கோ" என்றார் மாமி. பின்னாலிருந்து வீட்டுக்காரர் எட்டிப்பார்த்தார்.

"கரண்டு மெஷினா?"

"கால் மெஷின்தான் சார்."

"அப்போ சரி" என்று உள்ளே போய்விட்டார்.

மேலே வந்து அவளிடம் சொல்லிவிட்டு, மறந்துபோவதற்குள் இதை எழுதி வைத்தேன். கார்த்திகை பன்னிரண்டாம் தேதி.