மார்கரெட்டின் கடைக்குப் போகும்வரை

கட்டாரிலிருந்து வந்து இறங்கிய கையோடு மசூர் கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதிலைச் சொன்னான்: "ரெண்டு மாசத்தில அவுஸ்திரேலியா போறன்." அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். சாய்ந்தமருதில் ஒருவன் இப்படிச் சொல்லிவிட்டால் அவனைவிட ஊர்தான் அதிக அக்கறையோடு நாள் பார்க்கும்.

மசூரின் வாப்பா கரைவலை இழுத்தவர். மசூருக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை, தோணியில் ஏறினால் வாந்திதான். ஆனால் கரைக்கு வந்த மீனை அவன் நன்றாக அறிவான். கட்டாரில் ஒரு ஹோட்டல் குசினியில் சட்டி கழுவத் தொடங்கியவன், சில வருடங்களில் மீன் பக்கத்துக்கு மாறினான். பிறகு அந்தப் பக்கம் முழுவதும் அவன் பொறுப்புக்கே வந்தது. வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குடும்பத்தைக் கூப்பிட்டு வைத்துக்கொள்ள மட்டும் அவன் தரத்து ஆட்களுக்கு அனுமதி இல்லை. மகள் றுக்ஸானா பிறந்ததையும் நடந்ததையும் பல் விழுந்ததையும் அவன் போனில்தான் பார்த்தான்.

அவனோடு வேலை செய்த நேபாளி நண்பன் ஒருவன் தஸ்மானியாவுக்குப் போனான். சின்ன மீன்பிடித் துறைமுகம் ஒன்றை ஒட்டிய ஊர். அங்கே மார்கரெட் என்ற அறுபது தாண்டிய பெண் மீன் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். கணவர் இறந்த பிறகும் கடையை விடாமல் நடத்தியவர். அந்த ஒதுக்குப்புறத்துக்கு வந்து சமைக்க ஆள் கிடைக்கவில்லை. நண்பன் மசூரின் பெயரைச் சொன்னான். ஒரு பிற்பகலில் வீடியோவில் நேர்முகம் நடந்தது. மார்கரெட் கேட்டவற்றுக்கெல்லாம் பதில் சொன்ன பிறகு மசூர் தானாகவே ஒன்றைச் சொன்னான்.

"நான் முஸ்லிம். பன்றி இறைச்சியைத் தொட மாட்டேன். வைன் ஊற்றியும் சமைக்க மாட்டேன். வந்த பிறகு சொல்வதைவிட இப்போதே சொல்வது நல்லது."

மார்கரெட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என்னுடையது மீன் கடை. மற்றதைக் கேட்பவர்களுக்கு எதிரே வேறு கடை இருக்கிறது. ஆனால் இந்த ஊரில் பள்ளிவாசல் இல்லை. வெள்ளிக்கிழமை பட்டணத்துக்குத்தான் போக வேண்டும். நீ போய் வரும்வரை நான் பார்த்துக்கொள்வேன். அது உனக்குச் சரியா?"

மசூர் கேட்கத் தயங்கியதை அவரே சொல்லிவிட்டார். அவன் சரி என்று தலையை ஆட்டினான். கடைக்காரர் பொறுப்பேற்று எடுக்கும் வேலை விசா என்பதால் மனைவியும் மகளும் கூடவே வரலாம் என்று மார்கரெட் சொன்னபோது, இந்த வேலையை விடுவதில்லை என்று தீர்மானித்தான். கட்டார் ஒப்பந்தம் முடிந்ததும் புதுப்பிக்காமல் ஊருக்கு வந்தான்.

ஊரில் அவனை முதலில் திணற வைத்தவள் றுக்ஸானா. வாப்பா என்றால் அவளுக்குப் போனில் வரும் ஒரு முகம். முன்னறையில் உட்கார்ந்திருக்கும் ஆளை வாசலில் நின்று எட்டிப் பார்ப்பாள். பிறகு உம்மாவின் போனை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய் அங்கிருந்து அவனுக்கு வீடியோவில் அழைப்பாள்.

"வாப்பா, இண்டைக்கி டீச்சர் எனக்கு ஸ்டார் போட்டா."

மசூரும் முன்னறையில் போனைப் பிடித்தபடி, "அப்பிடியா மகள், காட்டுங்க பாப்பம்" என்பான்.

மனைவி நஸ்லின் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்: "உடுங்க, அவவுக்கு அதுதான் பழக்கம். தானா வருவா."

அப்படியே நடந்தது. ஒரு காலையில் நஸ்லின் வேலையாக இருந்தபோது றுக்ஸானா சீப்போடு வந்து அவனுக்கு முன்னால் திரும்பி உட்கார்ந்தாள். மசூர் அதுவரை யாருக்கும் தலை பின்னியதில்லை. கோணல்மாணலாகப் பின்னிய அந்தப் பின்னலோடு அவள் பள்ளிக்கூடம் போனாள். விசா பிந்தியதால் தனக்குக் கிடைத்தது இது என்று பின்னாட்களில் அவன் பலரிடம் சொல்லியிருக்கிறான்.

விசாவுக்கு முன் அவன் தன் தொழிலைச் செய்து காட்ட வேண்டியிருந்தது. மெல்பனில் இருக்கும் பரிசோதகர் ஒருவர் வீடியோவில் பார்த்துக்கொண்டிருக்க, தொழில் குசினி ஒன்றில் அவர் சொல்லும் உணவுகளைச் சமைக்க வேண்டும். வீட்டில் இருந்ததோ இரண்டு அடுப்புள்ள கேஸ் குக்கர். கல்முனையில் தெரிந்த கடைகளில் கேட்டுப் பார்த்தான். வியாபார நேரத்தில் எவரால் குசினியை விட்டுத்தர முடியும்? கடைசியில் காரைதீவில் சமையல் படிப்பிக்கும் பயிற்சி நிலையம் ஒன்றுக்குப் போனான். அங்கே போதனாசிரியராக இருந்த சிவரூபினியை அவனுக்கு முன்பின் தெரியாது. அவர் முழுதையும் கேட்டார்.

"ஞாயிற்றுக்கிழம இஞ்ச வகுப்பில்ல தம்பி. மேலிடத்தில நான் கதைச்சு அனுமதி எடுக்கிறன். நீங்க சாமான வாங்கிட்டு வாங்க."

"அக்கா, லீவு நாளில உங்களுக்குக் கரைச்சல்."

"வீட்டில இரிந்தா நான் என்ன, உடுப்புத்தானே தோய்க்கப்போறன். வாங்க."

அந்த ஞாயிறு சிவரூபினியே வந்து குசினியைத் திறந்தார். காவல்காரர் செல்லத்தம்பி தரையைக் கழுவி வைத்திருந்தார். மெல்பனிலிருந்து பரிசோதகரின் முகம் திரையில் வந்தது. சிரிக்காத பெண். முதல் இரண்டு உணவுகளும் நன்றாகவே போயின. மூன்றாவது, தோல் மொறுமொறுக்கப் பொரித்த மீன். மசூர் மீனைச் சீவத் தொடங்கியபோது கறண்ட் போனது. கறண்டோடு இணைய இணைப்பும் போனது. போனின் சொந்த சிக்னலோ அந்தச் சுவர்களுக்குள் எடுக்கவில்லை. முற்றத்து மாமரத்தடியில் மட்டும் நன்றாக எடுத்தது.

"அப்ப அங்க போவம்" என்றார் சிவரூபினி. அவரும் செல்லத்தம்பியும் மேசையைத் தூக்க, மசூர் கேஸ் அடுப்பைத் தூக்கினான். திரையில் மீண்டும் வந்த பரிசோதகர் மரத்தையும் அடுப்பையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, தொடரலாம் என்றார்.

மசூர் மீனைச் சீவி முடித்து உப்பை எடுக்கத் திரும்பினான். அந்தக் கண நேரத்தில் காகம் ஒன்று இறங்கி, சீவி வைத்த மீனில் ஒரு துண்டைக் கொத்திக்கொண்டு பறந்தது.

"இப்போது என்ன செய்வீர்கள்?" என்று கேட்டது திரை.

மிச்சத் துண்டுகள் பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தன. ஆனால் மசூர் ஒரு துண்டும் விடாமல் குப்பையில் கொட்டினான். பலகையையும் கத்தியையும் கழுவினான். கையைக் கழுவினான். பிறகு, "வேறு மீனில் செய்வேன்" என்றான். அதைச் சொன்ன பிறகுதான் வேறு மீன் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. அவன் முகம் போன போக்கைச் செல்லத்தம்பி கவனித்தார்.

"தம்பி, நீங்க அவவோட கதைச்சுக்கொண்டு நில்லுங்க. நான் கடக்கரைக்கு ஒரு ஓட்டம் போட்டு வாறன்."

சைக்கிள் ஒழுங்கையில் மறைந்தது. காத்திருந்த நேரத்தில் பரிசோதகர் கேள்விகள் கேட்டார். மீனை எந்தக் குளிரில் வைப்பது, உருகிய மீனை மறுபடி உறைய வைக்கலாமா, வாடிக்கையாளருக்கு இறால் ஒத்துக்கொள்ளாவிட்டால் என்ன செய்வது. மசூர் ஒன்றொன்றாகப் பதில் சொன்னான். செல்லத்தம்பி திரும்பியபோது சைக்கிள் கைபிடியில் ஒரு பாரை மீன் ஆடிக்கொண்டிருந்தது. செவுளைக் காட்டச் சொன்னார் பரிசோதகர். செவுள் செக்கச்சிவந்து கிடந்தது.

இந்த முறை சிவரூபினி விளக்குமாற்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காவலுக்கு நின்றார். திரையில் தெரியாமல்தான் நின்றார், ஆனால் காகம் வரும்போதெல்லாம் விளக்குமாற்றின் நுனி மசூரின் தலைக்கு மேலாக ஒருமுறை போய் வந்தது. அதைக் கண்டு பரிசோதகர் சிரித்துவிட்டார். எல்லாம் முடிந்த பிறகு அவர் சொன்னது ஒரு வசனம்தான்: "அந்த மீனை எறிந்தீர்களே, அது நல்லது." சில வாரங்களில் தேர்வில் சித்தி பெற்றதாக முடிவு வந்தது.

அதன் பிறகுதான் உண்மையான காத்திருப்பு. ஜும்ஆ முடிந்து வெளியே வந்தால், "என்ன மசூர், இன்னும் போகல்லியா?" என்று கேட்காதவர் இல்லை. எல்லோரும் அன்பாகத்தான் கேட்டார்கள், ஆனால் அவன் பின் ஒழுங்கையால் வீட்டுக்கு வரப் பழகினான். சும்மா இருக்க முடியாமல் கல்முனையில் அப்துல் கபூரின் சாப்பாட்டுக் கடையில் போய் வேலை கேட்டான். எந்த நேரமும் விட்டுவிட்டுப் போக வேண்டி வரும் என்பதையும் மறைக்கவில்லை.

"விசா வந்த அண்டைக்கே போ மகன்" என்றார் கபூர். "எனக்கிட்ட முன்கூட்டிச் சொல்லத் தேவல்ல. இரிக்கிற வரைக்கும் இந்தக் கொத்து ரொட்டித் தகட்டைப் பாரு."

பெரிய ஹோட்டலில் இருந்தவன் கொத்துப் போடுகிறான் என்று சிலர் பகிடி விட்டார்கள். மசூர் அதைப் பொருட்படுத்தவில்லை. பின்னேரம் கடை நிறைந்து தகட்டின் சத்தம் எழும்போது, விசா அவன் மண்டையை விட்டுப் போய்விடும்.

மழைக்காலம் தொடங்கிய வாரத்தில் மார்கரெட் அழைத்தார். கடையின் பக்கமிருந்து கொடுத்த விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தது. வேலை விளம்பரத்தை உரிய முறையில் போடவில்லை என்பது காரணம்.

"என் பிழை" என்றார் மார்கரெட். "மீண்டும் முதலிலிருந்து போடுவேன். ஆனால் உன்னை மறித்து வைக்க எனக்கு உரிமை இல்லை. வேறு நல்ல வேலை வந்தால் போய்விடு. நான் கோபிக்க மாட்டேன்."

அதே வாரத்தில் கட்டார் ஹோட்டலில் இருந்தும் செய்தி வந்தது. பழைய இடம் காலியாக இருக்கிறது, உடனே வரலாம். மசூர் அதை நஸ்லினிடம் காட்டினான். அவள் வாசித்து முடித்ததும் கேட்டான்.

"என்ன சொல்றீங்க?"

"நான் என்னத்தச் சொல்ற. நீங்க போனா மாசம் தவறாம வரும். எங்களுக்குப் பயமில்ல." போனைத் திருப்பிக் கொடுத்தபடி சொன்னாள்: "ஆனா றுக்ஸானா திரும்பப் போன்லதான் ஸ்டாரைக் காட்டணும்."

மறுநாள் மசூர் மார்கரெட்டை அழைத்தான். அவர் போனைச் சுவரில் சாய்த்துவிட்டு அடுப்பருகே வேலை செய்துகொண்டிருந்தார். உயரமான முக்காலியில் உட்கார்ந்தபடி மீன் பொரித்தார், முழங்கால் நிற்க விடவில்லை. ஏன் வேறு ஆளை எடுக்கவில்லை என்று மசூர் கேட்டான்.

"உனக்குத் தருவதாகச் சொன்ன இடத்தில் வேறு ஆளை எப்படி வைப்பது?" என்றார் அவர், மீனைத் திருப்பிப் போட்டபடி. கடையை வாரத்தில் சில நாட்கள் மூடி வைத்திருப்பதாக நேபாளி நண்பன் பிறகுதான் சொன்னான்.

மசூர் கட்டாருக்கு வரவில்லை என்று எழுதினான். அந்த முடிவுக்காக அவன் ஒருநாளும் வருந்தவில்லை.

இரண்டாவது விண்ணப்பம் ஏற்கப்பட்டது. கொழும்புக்குப் போய் மூவரும் மருத்துவப் பரிசோதனை செய்தார்கள். நோன்பு வந்தது, பெருநாளும் வந்து போனது. ஒருநாள் மாலை, கபூரின் கடையில் கூட்டம் முட்டி நின்றபோது சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. மசூர் அதை எடுத்துப் பார்த்தான். இன்னொரு முறை பார்த்தான். பிறகு கேட்டிருந்த கொத்துகளைப் போட்டு முடித்து, கையைக் கழுவி, கபூரிடம் போனை நீட்டினான்.

கபூருக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. மசூரின் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டார்.

"அல்ஹம்துலில்லாஹ். ஏப்ரனைக் கழட்டு. புள்ளகிட்டப் போ."

போவதற்கு முன் மசூர் குடும்பத்தோடு காரைதீவுக்குப் போனான். சிவரூபினியும் செல்லத்தம்பியும் அன்றும் வேலையில் இருந்தார்கள். மசூர் நன்றி சொல்லத் தொடங்க, செல்லத்தம்பி குறுக்கிட்டார்.

"அங்க காகம் இரிக்குமா தம்பி?"

"கடற்புறா இரிக்காம் அண்ணன். அது இன்னும் மோசமாம்."

இப்போது அவர்கள் அந்தத் துறைமுக ஊரில் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறார்கள். நஸ்லினுக்குக் குளிர் பிடிக்கவில்லை, வீட்டுக்குள்ளும் காலுறை போட்டுக்கொண்டு திரிகிறாள். றுக்ஸானா பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் பேசுகிறாள், கோபம் வந்தால் மட்டும் தமிழ். வெள்ளிக்கிழமைகளில் மசூர் பட்டணத்துக்குப் போய்த் தொழுதுவிட்டு வருவதற்காக, கடை மதியத்துக்குப் பிறகுதான் திறக்கிறது. அந்த அறிவித்தலை மார்கரெட்டே எழுதி வாசலில் ஒட்டினார்.

குசினியை ஒப்படைக்க ஆள் கிடைத்ததால், பல காலம் தள்ளிப்போட்ட முழங்கால் சத்திரசிகிச்சையை மார்கரெட் செய்துகொண்டார். மறுநாள் நஸ்லின் மீன் சூப் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். மார்கரெட் ஒரு கரண்டி குடித்துப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் மிளகு போட்டிருக்கலாம் என்றார்.