நரம்பு மகாராணியின் மூன்றாவது குத்து

குழந்தைகள் வார்டின் மூத்த நர்சுக்கு 'நரம்பு மகாராணி' என்று பட்டம். யார் சூட்டியது என்று தெரியாது. அவள் மறுத்ததாகவும் தகவல் இல்லை. கொழுகொழுவென்ற குழந்தையின் கையில் நரம்பு ஒளிந்துகொண்டு எல்லோருக்கும் போக்குக் காட்டும்போது அவள் வருவாள். விரல் நுனியால் தடவுவாள். பழைய ரேடியோவில் ஸ்டேஷன் பிடிப்பவள்போல் கூரையைப் பார்ப்பாள். பிறகு ஊசியால் ஒரே குத்து. அதன்பின் அவள் நடந்து போகிற கம்பீரம் மந்திரிகளுக்கும் வாய்க்காது.

வார்டில் ஒரு சட்டம் உண்டு. ஒருவர் இரண்டு தடவைதான் குத்தலாம். கிடைக்காவிட்டால் அடுத்தவரைக் கூப்பிட வேண்டும். அந்த அடுத்தவர் எப்போதும் மகாராணிதான். மகாராணிக்கு அடுத்தவர் யார் என்பது சட்டம் போட்டவர்களுக்குத் தோன்றவில்லை. அவளுக்குச் சுத்தமாகத் தோன்றவில்லை.

இந்த நல்லாட்சியின் நடுவேதான் நரம்பு காட்டும் கருவி வந்து இறங்கியது. கையின்மேல் பச்சை வெளிச்சம் அடிக்கும். தோலுக்குள் ஓடும் நரம்புகள் அதில் கருங்கோடுகளாகத் தெரியும். இளைய நர்ஸ் தன் கையிலேயே அடித்துப் பார்த்து வாயைப் பிளந்தாள்.

"அக்கா, இங்க பாருங்களேன், ரோட்டு மேப் மாதிரியே இருக்கு!"

"வழி தெரியாதவங்களுக்குத்தான்டி மேப்பு."

அன்று முதல் கருவி போர்வையைப் போர்த்திக்கொண்டு, காய்ச்சல்காரனைப்போல் மூலையில் நின்றது.

ஒரு மத்தியானம் மகாராணியின் தங்கை, தன் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள். வாந்தி, பேதி, குழந்தை துவண்டு கிடந்தது. பெரியம்மாவின் தோட்டைப் பிடித்துக்கொண்டால்தான் தூங்கும் பிள்ளை அது. உடனே டிரிப்ஸ் ஏற்ற வேண்டும் என்றார் டாக்டர்.

"சொந்தக் குழந்தை, நீங்க வேணாமே. கை நடுங்கும்."

"நடுங்கறதா? இந்தக் கையா?"

தங்கையும், "அக்கா இருக்கறப்ப வேற யாரு கையில குடுப்பேன்?" என்றாள்.

நீர் வற்றிய உடம்பில் நரம்பு சுருங்கிப்போயிருந்தது. முதல் குத்து வீண். இரண்டாவதில் ஒரு துளி ரத்தம் எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டது.

இளைய நர்ஸ் மெல்லக் கேட்டாள்: "ரெண்டாச்சுக்கா. அந்த லைட்டை எடுத்துட்டு வரட்டா?"

"எனக்கே டார்ச் அடிச்சுக் காட்டப் போறியா?"

மூன்றாவது. "வேணாம் பெரியம்மா" என்றது குழந்தை. வீறிட்டு அழத் தெம்பில்லாததால் மரியாதையாகத்தான் சொன்னது. நான்காவதில் புறங்கை நீலமாக வீங்கியது.

இளைய நர்ஸ் அதற்குமேல் அனுமதி கேட்கவில்லை. கருவியை உருட்டிக்கொண்டு வந்துவிட்டாள். பச்சை வெளிச்சம் விழுந்ததும், இன்னொரு கையில், மகாராணி தொட்டே பார்க்காத ஓரத்தில், நரம்பு ஒன்று சாவகாசமாகப் படுத்திருந்தது. இளையவள் ஒரே குத்தில் பிடித்தாள். டிரிப்ஸ் இறங்கியது.

குழந்தை பிழைத்துக்கொண்டது. இப்போது வார்டில் யாராவது லைட் இல்லாமல் ஊசியை எடுத்தால் முதலில் பாய்கிறவள் மகாராணிதான். நேற்றுக் கட்சி மாறியவர்களின் வேகம் அது. ஆனால் அவளுக்குள் ஒரு கணக்கு மட்டும் தீரவில்லை. முதல் இரண்டு குத்து பிள்ளைக்காக. அதில் அவளுக்கு வருத்தமில்லை. அடுத்த இரண்டு யாருக்காக என்பது அவளுக்குத் தெரியும். தங்கைக்கும் தெரியும் என்பதுதான் இன்னும் மோசம்.

லீவு நாட்களில் பொம்மையும் கையுமாகத் தங்கை வீட்டுக்குப் போகிறாள். பிள்ளை சிரித்துக்கொண்டே ஓடி வருகிறது. நடு அறையில் நின்றுவிடுகிறது. இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால்.

"கீழ வைங்க பெரியம்மா. நானே எடுத்துக்கறேன்."

"சின்னப் பிள்ளைதானேக்கா, மறந்துடுவா" என்கிறாள் தங்கை, முகத்தைப் பார்க்காமல்.

மகாராணி பொம்மையைத் தரையில் வைத்துவிட்டு, தன் கை பிள்ளைக்கு எட்டாத தூரமாகப் பார்த்துத் தள்ளி உட்காருகிறாள்.